பல் துலக்க எத்தனை படி?

“பல் துலக்குறதை எத்தனை படியாப் பிரிப்பீங்க சார்?”

2017-இல் ஒரு சனிக்கிழமை. வட்டார வள மையத்தின் சிமென்ட் திண்ணையில் நானும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ள எங்கள் மகள் தூணைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறப்பு டீச்சர் ஒரு நோட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். நான் நான்கு வரி எழுதினேன். பிரஷ்ஷை எடுக்க வேண்டும், பேஸ்ட் வைக்க வேண்டும், தேய்க்க வேண்டும், கொப்பளிக்க வேண்டும்.

அவர் அதைப் படித்துவிட்டு, கீழேயே தன் கையெழுத்தில் எழுத ஆரம்பித்தார். குளியலறைக்குப் போவது ஒரு படி. தன் பிரஷ் எது என்று அடையாளம் கண்டு எடுப்பது ஒன்று. நனைப்பது, பேஸ்ட் மூடியைத் திருகுவது, பட்டாணி அளவுக்குப் பிதுக்குவது, மூடியைத் திரும்பப் போடுவது என்று ஆறு ஆயிற்று. வாயைத் திறந்து பிரஷ்ஷை முன்பல்லில் வைப்பது ஏழு. நான் ஒரே சொல்லில் முடித்த ‘தேய்’ என்பதை மட்டும் ஐந்து படியாக்கியிருந்தார். முன்பல், இடது, வலது, மேல் உள்பக்கம், கீழ் உள்பக்கம். பிறகு துப்புவது, கொப்பளிப்பது, பிரஷ்ஷைக் கழுவுவது, வாயைத் துடைப்பது. மொத்தம் பதினாறு.

“இதுல பாப்பா எங்க நிக்கிறா?”

“அவளுக்குப் பல் துலக்கத் தெரியாதுங்க டீச்சர்.”

“அப்படிச் சொல்லாதீங்க சார். ஆறு படி அவளாவே பண்றா, அம்மாகிட்ட கேட்டேன். ஏழுல நிக்கிறா. ஏழுல இருந்து நாம ஆரம்பிக்கணும்.”

நான் கணக்கு வாத்தியார். அப்போது பதினான்கு வருட அனுபவம். ஒரு மாணவன் கணக்கைத் தப்பாகப் போட்டால் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடுவேன். எத்தனையாவது வரியில் அவன் கால் இடறியது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அந்தத் திண்ணையில்தான் வந்தது. பாடம் நடத்துவது என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஒப்பந்தச் சம்பளத்தில் இரண்டு பேருந்து மாறி ஊர் ஊராகப் போய்வரும் அந்தப் பெண்தான். இதை எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் பாலக்கோட்டுக்காரர்கள். தருமபுரி மாவட்டத்தில் தக்காளிக்குப் பேர் போன ஊர். மகள் பிறந்தது 2010-இல். இங்கே அவளைப் பாப்பா என்றே எழுதுகிறேன், வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். ஒன்றரை வயதில் ‘ம்மா’, ‘தா’ என்று சொல்லிக்கொண்டிருந்தவள் இரண்டு வயதில் அந்த இரண்டு சொல்லையும் விட்டுவிட்டாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆனால் இரண்டு தெரு தள்ளி டவுன் பஸ் திரும்பும் சத்தத்துக்கு எழுந்து ஓடுவாள். என் அம்மா, அதாவது பாப்பாவின் ஆயா, “காது நல்லாத்தான் கேக்குது, மனசுதான் வேற எங்கயோ இருக்குது” என்றார்.

யார் வீட்டுக்கு வந்தாலும் முதல் கேள்வி ஒன்றேதான். “சொந்தத்துல கட்டினீங்களா?” எங்கள் மாவட்டத்தில் அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுவது இன்றும் சாதாரணம். இரண்டு பக்கமும் ஒரே குறைபாட்டு மரபணு இருந்தால் அது பிள்ளையில் வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது, அறிவுசார் குறைபாடு சில குடும்பங்களில் அப்படி வருகிறது. இதெல்லாம் உண்மை. ஆனால் நானும் என் மனைவியும் சொந்தமில்லை. அதைச் சொன்னதும் கேள்வி அவள் பக்கம் திரும்பும். வயிற்றில் இருக்கும்போது என்ன சாப்பிட்டாள், கிரகணத்தில் வெளியே வந்தாளா, பிள்ளையிடம் பேசாமல் டிவி பார்த்தாளா. அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மருத்துவர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தைத் தனிக் குறைபாடாக விவரித்தார். அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அங்கேயும் தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்று படித்தவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1964-இல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் ஆதாரங்களோடு அதை மறுத்தார். அவர் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. அவர்கள் கைவிட்ட பழியை எங்கள் தெருவில் இன்னும் என் மனைவி சுமக்கிறாள். என்னிடம் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

நடுவில் ஒரு தனியார் மையத்தில் எட்டு மாதம் பணம் கட்டினோம். ஆறு மாதத்தில் பேச வைத்துவிடுவோம் என்றார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. பிறகு பாலக்கோட்டில் ரயில் ஏறி பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போனோம். அங்கேதான் ஒரு மருத்துவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, எங்களைப் பேசவிட்டு, ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் சேர்ந்து இருப்பதாகச் சொன்னார். இரண்டும் வேறு வேறு, ஒரே பிள்ளையிடம் இரண்டும் இருக்கலாம் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். மருந்தில் மாறுவதில்லை, கற்றுக்கொடுத்தால் கற்றுக்கொள்வாள் என்றார். அந்த இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பி வந்தோம்.

2014-இல் வாங்கிய முதல் சான்றிதழில் ஆட்டிசம் என்ற சொல்லே கிடையாது. அப்போது நடைமுறையில் இருந்தது மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம். ஏழு வகைக் குறைபாடுகள்தான் அதில் இருந்தன, ஆட்டிசம் அதில் இல்லை. ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 வகையாக்கியது, ஆட்டிசமும் உள்ளே வந்தது. அடுத்த சான்றிதழுக்குப் போனபோது 40 கேள்விகள் கேட்டார்கள். கண்ணைப் பார்க்கிறாளா, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறாளா, சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறாளா என்று. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 153-க்கு மேலே என்றால் தீவிரம். பாப்பாவுக்கு 128 வந்தது. மிதமானது என்று எழுதினார்கள். நம் நாட்டுக்கென்றே செய்த அளவுகோல் அது.

அரசுத் தாள்களில் ஆட்டிசத்துக்குத் தமிழில் ‘புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்’ என்று போடுகிறார்கள். எனக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. மழை வருவதற்கு அரை மணி நேரம் முன்பே கொடியில் கிடக்கும் துணியைக் காட்டிக் கத்துகிறவள் பாப்பா. வீட்டுக்குள் ஒரு நாற்காலி ஒரு சாண் நகர்ந்திருந்தால் அவளுக்குத் தெரியும். புற உலகம் எங்களுக்கு வருவதைவிடப் பல மடங்கு அதிகமாக அவளுக்குள் வருகிறது, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை என்பது ஒரு அப்பனாக என் கணிப்பு.

ஐந்து வயதில் அவளை நான் வேலை பார்க்கும் நடுநிலைப் பள்ளியிலேயே சேர்த்தேன். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் மாற்றுத்திறன் மாணவி என்று பதிந்தார்கள். கடைசி வரிசையில் ஓர் இடம். சிலேட்டும் சாக்பீசும் கொடுப்பார்கள். சத்துணவு வாங்கிக் கொடுப்பார்கள். அடிக்க மாட்டார்கள், திட்ட மாட்டார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் இரண்டு வருடத்தில் அவள் அங்கே கற்றது சாக்பீஸ் கடிப்பது மட்டும்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பாப்பா பிறப்பதற்கு முன்பு என் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். எச்சில் வடிந்துகொண்டே இருக்கும். நான் அவனுக்குத் தினமும் கரும்பலகை துடைக்கும் வேலை கொடுத்தேன், அவன் சந்தோஷமாக இருக்கிறான் என்று நினைத்தேன். ஒரு வருடம் முழுக்க அவனுக்கு ஒரு எண் கூட நான் சொல்லிக்கொடுக்கவில்லை. முயன்று தோற்றிருந்தால்கூட மனம் ஆறும். நான் முயலவே இல்லை. இப்போது அவன் எங்கேயாவது செங்கல் சூளையில் இருப்பான், அல்லது வீட்டுக்குள் இருப்பான்.

சிறப்பு டீச்சர் வந்த பிறகு முதல் மூன்று வாரம் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. பார்த்தார், குறித்துக்கொண்டார், என் மனைவியிடம் கேட்டார். சென்னையில் 1970-களில் ஜெயச்சந்திரன், விமலா என்ற இருவர் உருவாக்கிய மதிப்பீட்டு முறை ஒன்று உண்டு. மெட்ராஸ் டெவலப்மென்டல் ப்ரோக்ராமிங் சிஸ்டம் என்று பெயர். சாப்பாடு, உடுத்துதல், கழிப்பறை, மொழி, எண், காசு, வீட்டு வேலை, சமூகப் பழக்கம் என்று 18 பகுதி. ஒவ்வொன்றிலும் எளிதிலிருந்து கடினமாக 20 செயல்கள், ஆக மொத்தம் 360. செய்கிறாள் என்றால் ஏ, இன்னும் செய்யவில்லை என்றால் பி. எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்த 360-ஐயும் அவர் முடித்தபோது எங்களுக்கு முதல் முறையாக மகளைப் பற்றி ஒரு வரைபடம் கிடைத்தது. அதுவரை அவளால் முடியாதவற்றின் பட்டியல்தான் எங்களிடம் இருந்தது. 360-இல் 131 ஏ இருந்தது. அந்த எண்ணை என் மனைவி காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்தாள்.

அதிலிருந்து அந்த வருடத்துக்கு ஐந்தே ஐந்து இலக்குகளைத் தேர்ந்தெடுத்தோம். தனிநபர் கல்வித் திட்டம் என்பது இதுதான். ஒரு பிள்ளைக்கு ஒரு பாடத்திட்டம். எந்த ஐந்து என்பதை முடிவு செய்ய டீச்சர் எங்களிடம் கேட்டது, “காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் அம்மாவுக்கு எந்த எடத்துல கஷ்டம்?” என்பதுதான்.

முதல் கஷ்டம் சாப்பாடு. எங்கள் வீட்டில் மதியம் கேழ்வரகுக் களிதான். கையில் ஒட்டும் எதையும் பாப்பா தொடமாட்டாள். ஏழு வயதிலும் அம்மா ஊட்ட வேண்டும். டீச்சர் அதைப் பின்னாலிருந்து ஆரம்பித்தார். களியைக் கிள்ளுவது, குழம்பில் தோய்ப்பது, வாய்வரை கொண்டுபோவது எல்லாம் அவள் கையைப் பிடித்து அம்மாவே செய்வாள். வாய்க்கு இரண்டு விரல் தூரத்தில் அம்மா கையை விட்டுவிட வேண்டும். அந்தக் கடைசி இரண்டு விரல் தூரம் பாப்பாவுடையது. அது பழகியதும் நான்கு விரல். பிறகு தட்டிலிருந்து. பிறகு தோய்ப்பது. கிள்ளுவது கடைசியில் வந்தது. முன்னாலிருந்து ஆரம்பித்தால் பிள்ளை பிடிக்காத வேலையில் தொடங்கி, முடிவைப் பார்க்காமலே நின்றுவிடும். பின்னாலிருந்து ஆரம்பித்தால் ஒவ்வொரு முறையும் தானே முடித்தது போல இருக்கும், வாயில் ருசியும் கிடைக்கும். ஐந்து மாதம் ஆயிற்று. இன்றும் களியைத் தொட்டதும் ஒரு முறை கையை உதறுவாள். உதறிவிட்டுக் கிள்ளுவாள்.

அடுத்தது நிறமும் எண்ணும். மையத்திலிருந்து வந்த அட்டைகளில் ஆப்பிள், ஆரஞ்சு, ஸ்ட்ராபெர்ரி படங்கள் இருந்தன. இரண்டு மாதத்தில் ‘சிவப்பு எது’ என்றால் ஆப்பிள் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். எனக்கு ஒரே மகிழ்ச்சி. அன்று சாயங்காலம் முறத்தில் இருந்த தக்காளியைக் காட்டிக் கேட்டேன். எழுந்து போய் அந்த அட்டையைத் தேடினாள். அவளுக்குச் ‘சிவப்பு’ என்பது அந்த அட்டையின் பெயர். ஓர் இடத்தில் கற்றது இன்னோர் இடத்துக்குத் தானாகப் போகாது என்பது ஆட்டிசத்தில் முக்கியமான விஷயம். மற்ற பிள்ளைகளுக்கு நாம் வகுப்பில் சொல்வது சந்தைக்கும் வயலுக்கும் அதுவாகவே நடந்து போய்விடுகிறது. இவர்களுக்கு நாம்தான் கைப்பிடித்துக் கூட்டிப் போக வேண்டும்.

டீச்சர் அட்டைகளை மூட்டை கட்டி வைத்துவிட்டார். “பாலக்கோட்டுல இருந்துகிட்டு நாம எதுக்குங்க சார் ஸ்ட்ராபெர்ரி?” என்றார். மறுவாரம் தக்காளி வந்தது. பழுத்தது ஒரு கூடை, செங்காய் ஒரு கூடை, காய் ஒரு கூடை. பிரிப்பதில் இருக்கும் வேலையைப் பாருங்கள். நிறம் பார்க்க வேண்டும், அழுத்தாமல் பிடிக்க வேண்டும், உடைந்ததைத் தள்ள வேண்டும், மூன்று கூடையை மனதில் வைத்திருக்க வேண்டும். பத்து வயதில் பாப்பா ஒரு பெட்டித் தக்காளியைத் தப்பில்லாமல் பிரித்தாள். இன்றைக்கு மண்டியில் இந்த வேலைக்குக் கூலி உண்டு. அவள் அங்கே உட்கார முடியாது, ஏலச் சத்தம் ஆகாது. ஆனால் அவள் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் முடியும். பள்ளியில் போடும் பாடம் ஒரு பிள்ளையின் ஒரு நாளிலிருந்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நான் நம்ப ஆரம்பித்தது இந்தக் கூடைகளிலிருந்துதான்.

பேச்சு வரவில்லை. படங்கள் வந்தன. அவள் குடிக்கும் சொம்பு, அவள் பஸ், பள்ளி மணி, ஆயா, பாத்ரூம் கதவு எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, பிரிண்ட் போட்டு, ஒரு துணிப்பட்டையில் ஒட்டினோம். காலையில் அந்தப் பட்டையைப் பார்த்தால் இன்றைக்கு என்ன நடக்கும், எதற்குப் பிறகு எது என்று அவளுக்குத் தெரியும். தண்ணீர் வேண்டுமானால் சொம்புப் படத்தை எடுத்து நம் கையில் வைப்பாள். அமெரிக்காவில் பாண்டி, ஃப்ராஸ்ட் என்ற இருவர் 1985-இல் உருவாக்கிய முறையின் அடிப்படை இது. படம் வந்த மூன்று மாதத்தில் தலையைச் சுவரில் மோதிக்கொள்வது பாதிக்கு மேல் குறைந்தது. அவள் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது தண்ணீராக இருந்திருக்கிறது. நாங்கள் பிடிவாதம் என்று அடக்கியிருக்கிறோம். இதை எழுதும்போது கை நிற்கிறது.

இனிச் சொல்லப்போவதை ஒரு அப்பா எழுதலாமா என்று என் தங்கை கேட்டாள். என் மனைவி, “எழுதுங்க, இதைத்தான் எழுதணும்” என்றாள். அவள் படித்துப் பார்த்த பிறகுதான் பதிவேற்றுகிறேன்.

பாப்பாவுக்கு ஒன்பது வயதானபோது டீச்சர் புதிய இலக்கு ஒன்று சொன்னார். “வயசுக்கு வர்றதுக்கு இப்பவே பழக்கணுங்க. வந்த பொறவு ஆரம்பிச்சா ரத்தத்தைப் பாத்து பயந்துரும், நாம துணி வெச்சா புடுங்கிப் போட்டுரும்.” உடல் வளர்ச்சி இந்தப் பிள்ளைகளுக்குத் தாமதமாகும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. உடம்பு அதன் கணக்கில் வளரும்.

முதல் வேலை எனக்கு. அதுவரை அவசரத்துக்கு நானும் அவளைக் குளிப்பாட்டுவேன், உடை மாற்றுவேன். அன்றோடு நிறுத்தச் சொன்னார். உடை மாற்றும்போது கதவு சாத்தியிருக்க வேண்டும், உள்ளே அம்மாவும் ஆயாவும் மட்டும். வீட்டில் அப்பா முன்னால் கூச்சமில்லாமல் பழகிய பிள்ளைக்கு வெளியில் யார் முன்னால் கூடாது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இந்தப் பிள்ளைகளைத் துன்புறுத்துகிறவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்களாகவே இருக்கிறார்கள், பிள்ளையால் சொல்லவும் முடியாது. கதவுப் படம் ஒன்றைப் பட்டையில் சேர்த்தோம். இரண்டு மாதத்தில் நான் தப்பித் தவறி உள்ளே எட்டிப் பார்த்தால் கையால் என்னைத் தள்ளிக் கதவைச் சாத்தினாள். எனக்கு அவள் அன்று செய்தது எந்த மதிப்பெண்ணையும்விடப் பெரிது.

பிறகு நாப்கின். பள்ளியில் புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்குத் தரும் அதே பாக்கெட். முதல் நாள் கையில் தொடுவது மட்டும். அடுத்து உள்ளாடையில் ஒட்டிப் பார்ப்பது. பிறகு ஐந்து நிமிடம் அணிவது, நிமிடங்களை அடுப்படி டைமரில் வைத்தார்கள். பத்து, அரை மணி, ஒரு பள்ளி வேளை. ஓரத்தில் வரும் அந்தப் பிளாஸ்டிக் உரசல் அவளுக்கு ஆகவில்லை. என் மனைவி தையல்காரி. பழைய காடாத் துணியில் அதே அளவில் மடித்துத் தைத்து, பொத்தான் வைத்துக் கொடுத்தாள். அது ஏற்றது. அப்புறம் குங்குமம் கரைத்த தண்ணீரைத் துளி துளியாக அதில் விட்டு, ‘இது வந்தால் மாற்ற வேண்டும்’ என்று காட்டினாள். கழற்றுவது, வாளியில் போடுவது, கழுவுவது, புதியது வைப்பது, கை கழுவுவது, காலண்டரில் அந்தத் தேதியில் சிவப்புப் பொட்டு ஒட்டுவது. இருபத்தொரு படி. மாதத்தில் ஐந்து நாள், அம்மாவுக்கு வரும் நாட்களில் அம்மாவோடு சேர்ந்து பயிற்சி. பதினான்கு மாதம்.

நடுவில் உறவுக்காரர் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், சொன்னார். “எதுக்கு இத்தனை பாடு? கர்ப்பப்பையை எடுத்துட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும்.” இதைச் சொல்லாத சொந்தம் இந்த மாதிரி பெண்பிள்ளை உள்ள வீடுகளில் இருக்காது. 1994-இல் புனேயில் அரசு விடுதியில் இருந்த பெண்களுக்கு இதையே செய்தார்கள், நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவர் தானே விரும்பி, விவரம் தெரிந்து தரும் சம்மதமில்லாமல் கருவுறும் திறனை நீக்கும் எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது என்கிறது. அவரிடம் நான் சட்டம் பேசவில்லை. என் மனைவி சொன்னாள், “மாமா, வயித்தை அறுத்தா மாசாமாசம் வர்றது நிக்கும். எவனாவது கையை வெச்சா அது நிக்குமா? அவளுக்குக் கதவைச் சாத்தத் தெரிஞ்சா அதுதான் காவல்.” அவர் டீ குடித்து முடிக்கும்வரை வேறு பேச்சு எழவில்லை.

பன்னிரண்டு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாப்பா பாத்ரூமிலிருந்து வந்து வாளிப் படத்தை எடுத்து அம்மா கையில் வைத்தாள். அவ்வளவுதான். அலறல் இல்லை. காலண்டரில் பொட்டை அவளே ஒட்டினாள், ஒரு கட்டம் தள்ளி.

சடங்கு வேண்டாம் என்று நான் நினைத்தேன். ஆயா விடவில்லை. “எல்லாப் பொண்ணுக்கும் உண்டு, இவளுக்கு மட்டும் ஏன் இல்ல?” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மைக்செட் இல்லை, மேளம் இல்லை, இருபது பேர். தாய்மாமன் பச்சைத் தென்னோலையில் முற்றத்தில் குச்சு கட்டினார். பாப்பா அதற்குள் போகவே மாட்டாள் என்று எல்லோரும் நினைத்தோம். முதலில் ஓலையை மோந்து பார்த்தாள். உள்ளே போய் உட்கார்ந்தாள். பிறகு வெளியே வரவில்லை. மூன்று மணி நேரம், ஓலைக் கீற்றின் நிழல் காலில் விழுவதைப் பார்த்துக்கொண்டு, கைகூட ஆட்டாமல் இருந்தாள். சடங்கு முடிந்து குச்சைப் பிரிக்கப் போனபோது டீச்சர் தடுத்தார். “இருக்கட்டுங்க. இது அவளுக்குக் கிடைச்ச எடம்.” ஓலை காய்ந்து உதிரும்வரை அது முற்றத்தில் இருந்தது. இப்போது கூடத்தின் மூலையில் என் மனைவியின் பழைய பச்சைச் சேலையைக் கயிற்றில் மறைப்பாகக் கட்டியிருக்கிறோம். வெளிச்சமும் சத்தமும் தாங்காத நேரத்தில் பாப்பா அதற்குள் போய்க்கொள்கிறாள். தலையை மோதிக்கொள்ளும் முன்பே போகத் தெரிந்துகொண்டாள் என்பதுதான் முக்கியம்.

கணக்கு வாத்தியார் என்பதால் சில கணக்குகளைப் போடாமல் இருக்க முடியவில்லை. பல் துலக்குவதில் ஏழாம் படியிலிருந்து பதினாறுக்கு வர பதினொரு மாதம் ஆயிற்று. தினம் இரண்டு வேளை என்றால் ஏறக்குறைய 660 முறை ஒருவர் பக்கத்தில் நின்றிருக்கிறார். எட்டாம் வகுப்புக்கு நான் வாரம் 7 பாடவேளை எடுக்கிறேன், 40 வாரத்தில் 280. ஒரே ஒரு பாடத்துக்கு. சிறப்பு டீச்சர் எங்கள் பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள் வருவார். பாப்பாவின் பங்கு ஒரு பாடவேளை. பேருந்து வராத நாள், கூட்டம் போட்ட நாள், மருத்துவ முகாமுக்கு அழைத்த நாள் எல்லாம் போக வருடத்துக்கு 40 கூட வராது. அதற்குள் சாப்பாடு, உடை, எண், பேச்சு, நாப்கின், எல்லாம். மீதி நேரம் முழுவதையும் போட்டது என் மனைவி. தையல் மிஷினை மூடி வைத்து எட்டு வருடம் ஆகிறது. பராமரிப்பு உதவித்தொகை மாதம் 1,500 ரூபாயாக இருந்தது, 2023-இல் 2,000 ஆனது. அது உதவி, மறுக்கவில்லை. அவளுடைய நேரத்துக்கு அது கணக்காகாது.

உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஒரு வரம்பு சொன்னது. தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், மேல் வகுப்புகளில் 15-க்கு ஒருவர், அதுவும் நிரந்தரப் பணியிடமாக. எங்கள் டீச்சர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார் என்று ஒரு முறை கேட்டேன். நோட்டைப் புரட்டிக் காட்டினார், மூன்று பக்கம் பெயர்கள். பதிவு செய்த படிப்பு, பதிவு எண், பதினைந்து வருட அனுபவம் எல்லாம் உண்டு. மே மாதம் சம்பளம் வருமா என்று ஏப்ரலில் கவலைப்படுகிறார். எட்டாம் வகுப்புக்குக் கணக்குக் கற்பிக்கும் எனக்கு ஓய்வு வயதுவரை உறுதி இருக்கிறது. ஒரு பிள்ளையின் கையை வாய்க்கு இரண்டு விரல் தூரத்தில் எப்போது விட வேண்டும் என்று தெரிந்தவருக்கு இல்லை. சிறப்புக் கல்வித் திட்டம் என்று எத்தனை பெயர் மாற்றினாலும், கடைசியில் அது ஒரு ஆள் இன்னொரு ஆளின் பக்கத்தில் உட்காரும் நேரம்தான். அந்த நேரத்தைக் கொடுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன். புதுக் கட்டடத்தில் வண்ணச் சுவர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஒரு விடுமுறையில் அவரோடு பென்னாகரம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி தருவதும் அவர்கள் வேலைதான். பேருந்து நின்ற இடத்திலிருந்து மேட்டில் அரை மணி நடை. அப்பா, அம்மா இருவரும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார்கள். பாட்டி மட்டும். பதினோரு வயதுப் பையன் பாயில் கிடந்தான். அன்றைய பாடம், சாய்த்து உட்கார வைத்த நிலையில் தலையைப் பத்து எண்ணும்வரை நிமிர்த்திப் பிடிப்பது. ஏழு வரை பிடித்தான். பாட்டி புடவைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, “போன வாரம் அஞ்சுதானுங்க” என்று என்னிடம் சொன்னார். திரும்பி வரும்போது டீச்சர் நோட்டில் தேதி போட்டு 7 என்று எழுதினார்.

பாப்பாவுக்கு இப்போது 15 வயது. பொதுவான கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு முடிகிறது, இவர்களுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 18 வரை நீட்டித்திருக்கிறது. 18 நிறைந்த நாளில் நாங்கள் சட்டப்படி அவளுக்குப் பாதுகாவலர்கள் இல்லை. ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பித்து வாங்க வேண்டும், 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. தாளை நான் வாங்கிவிடுவேன். அந்த வயதுக்குப் பிறகு காலையில் பட்டையில் எந்தப் படத்தை ஒட்டுவது என்பதுதான் எங்கள் இரவுப் பேச்சு. பள்ளி மணிப் படத்தைக் கழற்றினால் அந்த இடத்தில் எது? பெரியப்பா வீட்டுத் திண்ணையும் தக்காளிக் கூடையும் வாரத்தில் மூன்று நாளைக்கு வரும். மற்ற நாட்களுக்கு இன்னும் தேடுகிறோம். காரிமங்கலம், பாலக்கோடு பக்கத்தில் இதே வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கும் நான்கு குடும்பங்கள் இப்போது மாதம் ஒரு முறை எங்கள் கூடத்தில் கூடுகிறோம். ஒரு பிள்ளைக்குக் கவர் ஒட்ட வருகிறது. ஒருவனுக்குத் தண்ணீர் ஊற்றுவதில் அலுப்பே இல்லை.

இந்த வருடத்து இலக்கு, தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போய் உப்பு பாக்கெட் வாங்கி வருவது. இருபத்திரண்டு படியாக எழுதியிருக்கிறோம். இப்போது டீச்சர் சொல்ல வேண்டியதில்லை, நானும் என் மனைவியும் சேர்ந்து எழுதினோம், அவர் ஒரே ஒரு படி சேர்த்தார், ‘கடைக்காரம்மா வேறு ஆளிடம் பேசிக்கொண்டிருந்தால் காத்திருப்பது’. நான் ஐம்பதடி பின்னால் நடக்கிறேன். வாரம் தவறாமல் பத்து அடி தள்ளிப் போகிறேன். நேற்று பாப்பா காத்திருந்தாள், தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு காலில் இருந்து மறுகாலுக்கு மாறி மாறி. கடைக்காரம்மா திரும்பியதும் உப்புப் படத்தை நீட்டினாள். அவர் பாக்கெட்டை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு நடந்தாள், பணம் இன்னொரு கைக்குள் மடங்கியபடியே.

கடைக்காரம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, “விடுங்க சார், நாளைக்குக் குடுப்பா” என்றார். நோட்டில் 15 என்று எழுதியிருக்கிறேன்.